நின்ற போரும் வாராத அமைதியும்

போர் இல்லாத நிலை வேறு, அமைதி வேறு. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவோர் உலகிற் பலர். இருவர் கைகலந்து, பிறர் விலக்க விலகிநின்று, ஓங்கிய கையைத் தாழ்த்தாமலே ஒருவரையொருவர் நோக்கி நிற்பாராயின், அவரை நண்பர் என யாரும் கூறார். நாடுகளின் செய்தியிலோ, அத்தகைய நிலையினையே அமைதியென்று பெயரிட்டழைத்துவிட்டு, நாம் நம் பணியைப் பார்க்கச் சென்றுவிடுகின்றோம். இம்மயக்கத்தால் விளையும் கேட்டினைக் காட்டுதற்குக் கொரிய நாட்டினும் தக்கதோர் எடுத்துக்காட்டு இல்லை.

1976-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள், வட கொரியரும் தென் கொரியரும் எதிரெதிரே காவல் நிற்கும் பான்முன்சொம் என்னுமிடத்தில், காவற்சாவடிகளின் பார்வையை மறைத்து நின்ற பாப்லர் மரமொன்றின் கிளைகளைத் தறிக்கச் சிலர் சென்றனர். அவர் ஐக்கிய நாடுகள் படைத்தலைமையைச் சார்ந்தவர். வட கொரியக் காவலர் தடுத்தனர். சொற்போர் கைப்போராயிற்று. கோடரியாலும் தடியாலும் தாக்குண்டு அமெரிக்க அதிகாரிகள் இருவர் மாண்டனர். மூன்று நாள் கழித்து, அம்மரத்தை அடியோடு வெட்டுதற்குச் சென்ற கூட்டத்திற்குத் துணையாகக் குண்டுவீசும் விமானங்கள் வானிற் பறந்தன. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று கடலில் விரைந்தது. வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங் வருத்தம் தெரிவித்துச் செய்தி விடுத்தமையால் அன்று பெரும்போர் மூளாது ஒழிந்தது. ஒரு மரத்தின் கிளை பொருட்டு இரண்டு பெருஞ்சேனைகள் போர்க்கோலம் பூண்டன என்றால், அந்நிலையை அமைதியென்று அழைப்பது எங்ஙனம்?

கொரியாவில் மீண்டும் போர் மூளுமோ என்னும் அச்சம் எழுந்தபோதெல்லாம் உலக நாடுகள் ஓடி வந்திருக்கின்றன. அச்சம் தணிந்தவுடன் திரும்பிப் போயிருக்கின்றன. அவை வந்த வேகத்தை யாம் பழிக்கவில்லை. போன வேகத்தையே பழிக்கின்றோம். இக்கட்டுரையில் யாம் கூறப்புகுந்தது இதுவே.

முதற்கண் அப்பிரிவினை தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கொரியர் ஒரே மொழி பேசுவோர். ஒரே எழுத்தினை உடையோர். பல நூற்றாண்டுகள் ஓரரசின்கீழ் வாழ்ந்தோர். 1910-ஆம் ஆண்டில் ஜப்பான் அந்நாட்டைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜப்பான் தோல்வியுற்றபோது, விடுதலை வந்ததென அம்மக்கள் களித்தனர். ஆயின் விடுதலையோடு ஒரு கோடும் உடன் வந்தது. ஜப்பானியப் படைகள் சரணடைதலை வடக்கே ருஷியரும் தெற்கே அமெரிக்கரும் ஏற்றுக்கொள்ளும் பொருட்டு, வாஷிங்டன் நகரில் அமெரிக்கப் படை அதிகாரிகள் இருவர் நள்ளிரவில் ஒரு நிலப்படத்தை விரித்து, முப்பத்தெட்டாம் அட்சரேகையை எல்லையாகக் குறித்தனர். கொரியர் ஒருவரையேனும் அவர் கேட்டாரிலர். சின்னாட்கென்று இட்ட அக்கோடு நிலைத்துவிட்டது. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தெற்கே ஒரு குடியரசும், செப்டெம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் வடக்கே மற்றொரு குடியரசும் எழுந்தன. ஒவ்வொன்றும் கொரியா முழுவதற்கும் தானே உரிமையுடைய அரசு என்று கூறிற்று.

அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் சபை, நாடு முழுவதும் தேர்தல் நடைபெறுமாறு செய்ய ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவின் தலைவராக அமர்ந்தவர் நம் இந்திய நாட்டைச் சார்ந்த கே. பி. எஸ். மேனன் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. வடபகுதியுட் புக அக்குழுவிற்கு ருஷியர் இடங்கொடுக்கவில்லை. எனவே தேர்தல் தெற்கில் மட்டுமே நடந்தது. கோடு கிழித்தவரும் பிறர். அதனை அழிக்க வந்து இயலாது மீண்டவரும் பிறர். ஆதலின், கொரியரின் சண்டை கொரியரையே சார்ந்தது, நமக்கென்ன என்று உலகம் கைகழுவ முடியாது.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் வட கொரியப் படைகள் அக்கோட்டைக் கடந்து தெற்கே பாய்ந்தன. பாதுகாப்புச் சபை அன்றே கூடிற்று. சீனத்திற்கு உரிய இருக்கை பற்றிய பிணக்கினால் ருஷியா அக்காலத்துச் சபைக்கு வாராதிருந்தமையின், தடையின்றித் தீர்மானங்கள் நிறைவேறின. அமெரிக்காவின் தலைமையில் 16 நாடுகள் போர்ப்படைகளை அனுப்பின. அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படைகள் வடக்கிற்குத் துணையாகப் புகுந்தன. ஸியோல் நகரம் ஓராண்டிற்குள் நான்கு முறை கைமாறிற்று. போர்வீரரும் பொதுமக்களுமாக 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்றாண்டு கழித்து, 1953-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் பான்முன்சொமில் போர்நிறுத்த உடன்படிக்கை எழுதப்பட்டபோது, எல்லை ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

அவ்வுடன்படிக்கையை நன்கு நோக்குதல் வேண்டும். அதிற் கையெழுத்திட்டோர் படைத்தலைவரேயன்றி அரசுகள் அல்ல. தென் கொரியாவோ கையெழுத்திடவே இல்லை. உடன்படிக்கையும் தன்னை முடிந்த முடிபாகக் கூறிக்கொள்ளவில்லை. மூன்று திங்களுக்குள் உயர்நிலை அரசியல் மாநாடு ஒன்று கூடி, கொரியச் சிக்கலை அமைதியான முறையில் தீர்த்தல் வேண்டும் என்று அதன் அறுபதாம் பத்தி பரிந்துரைக்கின்றது. அம்மாநாடு காலந்தாழ்ந்து 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெனீவாவிற் கூடியது. ஜூன் திங்களில் ஒரு முடிவுமின்றிக் கலைந்தது. தற்காலிகமென எழுதப்பட்ட ஏடே எழுபதாண்டிற்கு மேலாக அந்நாட்டின் சட்டமாய் நிற்கின்றது. நான்கு கிலோமீட்டர் அகலமும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் உடைய ஒரு நிலப்பட்டை, படை நீங்கிய பகுதி என்னும் பெயரோடு, உலகிலேயே படை மிக நெருங்கிய எல்லையாகக் கிடக்கின்றது.

இனி, அப்போரின்போது நம் நாடு ஆற்றிய பணியை எண்ணிப் பார்ப்போம். இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை, மருத்துவப்படை அனுப்பியது. 60-ஆம் பாரசூட் மருத்துவப் பிரிவு, ஆற்காட்டின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் அவர்களின் தலைமையில் 1950-ஆம் ஆண்டு இறுதியிற் கொரியாவை அடைந்து, காயமுற்றோர்க்கு மருந்திட்டது. சிறைப்பட்ட வீரர் தாம் விரும்பாத நாட்டிற்கு வலிந்து அனுப்பப்படலாமா என்னும் வழக்கினால் போர்நிறுத்தப் பேச்சு நெடுங்காலம் தடைப்பட்டுக் கிடந்தது. அம்முடிச்சை அவிழ்க்க 1952-ஆம் ஆண்டு இறுதியில் வி. கே. கிருஷ்ண மேனன் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். முதலில் ருஷியாவும் சீனாவும் அதனை வெறுத்து ஒதுக்கின. ஆயினும், பின்னர் ஏற்பட்ட தீர்வு அதன் வழியினையே பெரிதும் தழுவியிருந்தது. நாடு திரும்ப மறுத்த சிறையாளரைக் காத்து, அவர்தம் விருப்பத்தைக் கேட்டறியும் நடுநிலைக் குழுவிற்கு ஜெனரல் திம்மையா தலைவரானார். இந்தியப் படை தன் மண்ணில் அடிவைத்தலாகாது எனத் தென் கொரியத் தலைவர் ஸிங்மன் ரீ தடுத்தமையின், நம் வீரர் ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டு இடைநிலப் பட்டையிற் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். இரு தரப்பினரும் அவரை ஐயுற்றனர். இரு தரப்பினரும் குறை கூறினர். நடுநிற்பவன் பெறும் கூலி இதுவே போலும்! ஆயினும் அவர் 22,000-க்கும் மேற்பட்ட சிறையாளரைக் காக்கும் பொறுப்பினை ஏற்று, அதனை முடித்தே மீண்டனர்.

அச்சிறையாளருள் 88 பேர், வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, சீனமும் வேண்டா என்று கூறி, 1954-ஆம் ஆண்டில் நம் வீரரோடு இந்தியாவிற்குக் கப்பலேறினர். கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட சதுக்கம் என்னும் புதினத்தின் தலைவன் அத்தகைய ஒருவனே. இரு கொரியாவிலும் வாழ்ந்து பார்த்து, இரண்டிலும் தனக்கு இடமில்லையெனக் கண்டு, நடுநிலை நாட்டிற்கென இந்தியா நோக்கிக் கப்பலிற் செல்கின்றான். கரை சேராமலே மறைந்து போகின்றான். இலக்கியம் பயிலும் எமக்கு, பிரிவினையின் கொடுமையைப் பத்துத் தீர்மானங்களினும் இஃதொன்று தெளிவாக உணர்த்துகின்றது.

நிற்க. பிற்காலத்து நிகழ்ச்சிகளிலும் இதே பாடத்தைக் காண்கின்றோம். வட கொரியா அணுகுண்டு செய்ய முயல்கின்றது என்னும் ஐயம் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் முற்றிற்று. யோங்பியோன் என்னுமிடத்து அணு உலையைத் தாக்கி அழிக்கலாமா என்று அமெரிக்க அரசு ஆராய்ந்தது. அவ்வேளையில் முன்னாட் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1994-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தாமே பியோங்யாங் சென்று கிம் இல்-சுங்கோடு நேரிற் பேசினார். போர்மேகம் கலைந்தது. அடுத்த திங்களில் கிம் இல்-சுங் இறந்தும் பேச்சு அறவில்லை. அக்டோபரில் உடன்படிக்கை ஒன்று எழுந்தது. அதன்படி வட கொரியா யோங்பியோன் உலைகளை நிறுத்தி, பன்னாட்டு ஆய்வாளரின் கண்காணிப்பில் விட்டது. மற்றவர் இரண்டு புதிய உலைகள் கட்டித்தரவும், அதுவரை ஆண்டுதோறும் 5 இலட்சம் டன் எரியெண்ணெய் அளிக்கவும் இசைந்தனர்.

ஏறத்தாழ எட்டாண்டு அவ்வுலைகள் அடங்கிக் கிடந்தன. ஆயின் இரு தரப்பாரும் சொல்லைக் காத்தாரல்லர். புதிய உலைகள் எழுவது ஆண்டுக்கணக்கில் தாழ்த்தது. எண்ணெயும் காலத்தில் வரவில்லை. வட கொரியாவோ மறைவில் வேறு வழியால் யுரேனியத்தைச் செறிவூட்ட முயன்றது. 2002-ஆம் ஆண்டில் உடன்படிக்கை உடைந்தது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரு கொரியாக்களும் அமெரிக்கா, சீனா, ருஷியா, ஜப்பான் ஆகிய நான்கும் கூடி அறுவர் பேச்சைத் தொடங்கின; 2005-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓர் கூட்டறிக்கையும் வெளியிட்டன. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் வட கொரியா தன் முதல் அணுச்சோதனையை நிகழ்த்தியது. அதுமுதல் 2017-ஆம் ஆண்டுவரை ஆறு சோதனைகள் நடந்தன. பாதுகாப்புச் சபையும் தடைமேல் தடை விதித்தது. நிலக்கரி, இரும்பு, மீன், துணி ஆகியவற்றை வட கொரியா பிறநாட்டிற்கு விற்றல் தடுக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், அந்நாடு ஆண்டொன்றிற்குப் பெறத்தக்க சுத்திகரித்த எண்ணெய் 5 இலட்சம் பீப்பாய் எனச் சுருக்கப்பட்டது. தடைகள் கூடின, குண்டுகளும் கூடின.

அடுத்த ஆண்டே காட்சி மாறிற்று. 2018-ஆம் ஆண்டில் தென் கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டிற்கு வட கொரியர் வந்தனர். ஏப்ரல் 27-ஆம் நாள் இரு நாட்டுத் தலைவரும் பான்முன்சொமிற் கைகோத்து எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றதை உலகமே கண்டது. ஜூன் திங்களில் சிங்கப்பூரில் அமெரிக்கத் தலைவரும் வட கொரியத் தலைவரும் சந்தித்தனர். இவற்றுள் உலகோர் கண்ணைப் பறித்தவை இச்சந்திப்புக்களே. எம் கருத்தில் அவற்றினும் பெரியது, செப்டெம்பர் 19-ஆம் நாள் பியோங்யாங்கிற் கையெழுத்தான படைத்துறை உடன்படிக்கையாகும். எல்லையருகே படைப்பயிற்சி கூடாது, விமானம் பறக்கலாகாது என அது வரையறுத்தது. இரு தரப்பும் தலா 11 காவற்சாவடிகளினின்று காவலரை விலக்கின. பான்முன்சொமிற் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. ஆங்கு நிற்போர் துப்பாக்கியின்றி நின்றனர். மரக்கிளை பொருட்டுப் போர் மூளவிருந்த அதே இடத்தில் இது நிகழ்ந்தது என்பதை அன்பர்கள் நோக்குக.

ஆயின் 2019-ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஹனோய் நகரிற் கூடிய இரண்டாம் சந்திப்பு முறிந்தது. தடைகளை எவ்வளவு தளர்த்துவது, அதற்கீடாக எவ்வணுக்கூடங்களை மூடுவது என்னும் கணக்கில் இருவரும் ஒன்றுபட்டிலர். பெருந்தலைவர் பேச்சு முறிந்ததும், அதன் நிழலில் வளர்ந்த சிறு பயிர்களும் வாடின. 2020-ஆம் ஆண்டு ஜூனில், இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பணிசெய்தற்கென்று கேசோங் நகரிற் கட்டிய நிலையத்தை வட கொரியா வெடிவைத்துத் தகர்த்தது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், வட கொரியா உளவுக்கோள் ஏவ, தென் கொரியா படைத்துறை உடன்படிக்கையின் ஒரு பகுதியை நிறுத்த, வட கொரியா முழுவதையும் உதறியது. 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிம் ஜொங்-உன், தென் கொரியாவை முதற்பகை எனவும், இணைப்பு என்னும் குறிக்கோள் இனி இல்லை எனவும் கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் இரு நாட்டையும் இணைத்த சாலைகளும் தகர்க்கப்பட்டன.

உலக சபையின் ஒற்றுமையும் இக்காலத்திலேயே சிதைந்தது. 2022-ஆம் ஆண்டு மே திங்களில், வட கொரியாவின்மேல் புதிய தடை விதிக்கும் தீர்மானத்தைச் சீனாவும் ருஷியாவும் தம் மறுப்புரிமையால் வீழ்த்தின. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில், தடைகள் மீறப்படுவதைக் கண்காணித்துவந்த வல்லுநர் குழுவின் காலத்தை நீட்டித்தற்கு ருஷியா மறுப்புத் தெரிவித்தது, அக்குழு முடிந்தது. ஜூன் திங்களில் ருஷியாவும் வட கொரியாவும் ஒருவர் தாக்கப்படின் மற்றவர் துணைவருவதாக ஒப்பந்தம் செய்தன. அவ்வாண்டின் இறுதியில் வட கொரிய வீரர் உக்ரெய்ன் போரில் ருஷியாவின் பக்கம் நின்றனர். மறுபுறம் அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேம்ப் டேவிட்டிற் கூடித் தம் கூட்டினை இறுக்கின. ஒவ்வொரு தரப்பும் தன் செயலைத் தற்காப்பு என்றே கூறுகின்றது. எதிரியின் தற்காப்பு ஒவ்வொருவர்க்கும் தாக்குதலாகவே தோன்றுகின்றது.

இனி எம் கருத்திற்கு மாறுபடுவோர் கூற்றையும் கேட்டல் முறையாகும். அவர் கூறுவது: கொரியாவில் 1953-ஆம் ஆண்டிற்குப்பின் பெரும்போர் நிகழாமைக்குக் காரணம் பேச்சு அன்று, அச்சமே, தென் கொரியாவில் நிற்கும் அமெரிக்கப் படையும், அந்நாட்டோடு 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கா செய்த காப்பு ஒப்பந்தமும், வடக்கோடு 1961-ஆம் ஆண்டில் சீனம் செய்த ஒப்பந்தமும் இரு தரப்பையும் அடக்கி வைத்துள்ளன, வட கொரியா செய்த உடன்படிக்கைகளையெல்லாம் முறித்துவந்தமையால் அதனோடு பேசுவது வீண். இக்கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. 2010-ஆம் ஆண்டில் தென் கொரியப் போர்க்கப்பலொன்று மூழ்கி 46 மாலுமிகள் மாண்டனர். வட கொரிய நீர்மூழ்கியின் செயலே அஃது எனப் பன்னாட்டு ஆய்வாளர் முடிவு செய்தனர், வட கொரியா மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் யோன்பியோங் தீவின்மேல் வடக்கின் பீரங்கிக் குண்டுகள் வீழ்ந்து நால்வர் இறந்தனர். வலிமையின்றி நிற்பதே அமைதிக்கு வழியென்று யாம் கூறவில்லை.

ஆயினும் அச்சம், போரை விரும்புவோனைத் தடுக்குமேயன்றித் தவற்றினைத் தடுக்காது. இருளிற் கண்ட நிழலும், பழுதுற்ற கருவியும், அஞ்சிய இளங்காவலனின் விரலும் அச்சத்தாற் கட்டுப்படுவன அல்ல. ஸியோல் நகரம் எல்லையினின்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர்த் தொலைவிலேயே உள்ளது. அந்நகரில் மட்டும் 90 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அணுகுண்டின்றி வெறும் பீரங்கிகளே முழங்கினும், முதல் நாளில் மடிவோர் தொகையை எண்ண மனம் நடுங்குகின்றது. அச்சம் ஓங்கிய கையை நிறுத்தலாம். தவற்றைத் தடுக்கத் தொலைபேசிக் கம்பி வேண்டும், இடைவெளி வேண்டும், ஒருவர் மற்றவரை அறிந்திருத்தல் வேண்டும். உடன்படிக்கைகள் முறிந்தன என்பதும் மெய்யே. ஆயின் அவை நின்ற நாளெல்லாம் பயன் தந்தன என்பதும் மெய். எட்டாண்டு அடங்கியிருந்த உலையும், துப்பாக்கியின்றி நின்ற காவலரும் வெறுங்கனவல்லர்.

இவ்விடத்து மற்றொரு செய்தியையும் கூறல் வேண்டும். எம் கல்லூரி போன்ற மிஷன் கல்லூரியொன்று பியோங்யாங் நகரிலும் ஒரு காலத்து விளங்கிற்று. வில்லியம் பேர்டு என்னும் மிஷனரி 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய சூங்சில் கல்விநிலையமே அஃது. ஜப்பானிய அரசு தன் கோயில்களில் வணங்குமாறு மாணவரை வற்புறுத்தியபோது, அதற்கு இசையாமல் 1938-ஆம் ஆண்டில் அது கதவை மூடிக்கொண்டது. போருக்குப்பின் 1954-ஆம் ஆண்டில் ஸியோலில் மீண்டும் திறந்தது. தான் பிறந்த நகருக்கு அக்கல்லூரி இன்றுவரை திரும்பவில்லை. அரசுகள் பேசாத காலத்தில் திருச்சபையினர் பேச முயன்றமையும் இதனோடு எண்ணத்தக்கது. உலகத் திருச்சபைகளின் மன்றம் 1984-ஆம் ஆண்டில் ஜப்பானில் டொஸான்ஸோ என்னுமிடத்தில் இப்பொருள் பற்றி ஒரு கூட்டம் கூட்டியது. அதன் பயனாக 1986-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் கிளியோன் என்னுமூரில் வட கொரியக் கிறிஸ்தவரும் தென் கொரியக் கிறிஸ்தவரும் முதன்முறை ஒன்றுகூடினர். அரசுகளை அசைக்கும் ஆற்றல் அவர்க்கு இல்லை. ஆயினும் எதிரியும் தன்னைப்போன்ற மனிதனே என்பதைக் கண்ணாற் கண்டு மீண்டனர்.

பிரிந்த குடும்பங்களின் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. எல்லைக்கப்பாலுள்ள உறவினரைக் காண விரும்பித் தென் கொரியாவிற் பெயர் பதிந்தோர் ஏறத்தாழ 1,34,000 பேர். 2000-ஆம் ஆண்டு முதல் 2018-ஆம் ஆண்டுவரை நேர்ச்சந்திப்பு 21 முறை நடந்தது. அதன்பின் நடக்கவில்லை. பெயர் பதிந்தோருள் மிகப் பெரும்பாலோர் காணாமலே கண்மூடினர். எஞ்சியோர் முதியோர், அவர்தம் நாட்கள் எண்ணப்படுகின்றன. வல்லரசுகள் அடுத்த மாநாடு எப்பொழுது என ஆராயலாம். எண்பது வயதுத் தாய்க்கு அத்துணைப் பொறுமை எங்ஙனம் வரும்?

இவற்றால் யாம் துணிவது யாது? கொரியாவை நோக்கி உலகம் வைத்திருக்கும் முறை தலைகீழாக உள்ளது என்பதே. முதலில் அணுகுண்டைக் கைவிடுக, பின்னர் அமைதி தருவோம் என ஒரு தரப்பு கூறுகின்றது. முதலில் பகையைக் கைவிடுக, பின்னர்ப் பேசுவோம் என மறுதரப்பு கூறுகின்றது. அமைதியைப் பயணத்தின் இறுதியிற் கிடைக்கும் பரிசாக வைத்துவிட்டமையால், பயணமே தொடங்காது நிற்கின்றது. அதனை வழிநடைச் சோறாகக் கொள்ளுதல் வேண்டும். குண்டு ஒழிப்பு நெடுநாளைய பணி. அதுவரை தவற்றினால் போர் மூளாதிருத்தல் இன்றைய பணி. எல்லையிற் படைத்தலைவர் பேசுதற்குரிய தொலைபேசி இடையறாது ஒலித்தல் வேண்டும்; 2018-ஆம் ஆண்டின் இடைவெளிகள் மீண்டும் ஏற்படல் வேண்டும்; முதியோர் கடிதமேனும் எழுதிக்கொள்ள வழி திறத்தல் வேண்டும். இவை எவரும் தம் வலிமையை இழவாமற் செய்யத்தக்கன. 2025-ஆம் ஆண்டு ஜூனில் தென் கொரியாவின் புதிய அரசு எல்லையிலிருந்த ஒலிபெருக்கிகளை நிறுத்த, வடக்கும் தன் இரைச்சலை நிறுத்திற்று. சிறிய செயல்தான், ஆயினும் எல்லையோரச் சிற்றூரார் அன்றிரவு கண்ணுறங்கினர் அன்றோ?

நம் நாட்டிற்கும் இதிற் கடமை உண்டு. இந்தியா 1973-ஆம் ஆண்டு முதல் இரு கொரியாவோடும் தூதுறவு கொண்டது. 2021-ஆம் ஆண்டில் பியோங்யாங்கில் மூடப்பட்ட நம் தூதரகம் 2024-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் பணி தொடங்கிற்று. இரு நகரிலும் கதவு தட்டும் உரிமையுடைய நாடுகள் சிலவே. திம்மையாவும் கிருஷ்ண மேனனும் சென்ற வழி புல் மூடிக் கிடக்கின்றதேயன்றி அழிந்துவிடவில்லை. ஸ்வீடன், ஸ்விட்ஸர்லாந்து ஆகிய சிறு நாடுகள், போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 1953-ஆம் ஆண்டிற் சென்றவை, இன்றும் சிலரைப் பான்முன்சொமில் வைத்துள்ளன. செய்தித்தாள்கள் அவரைப் பாடுவதில்லை. ஆயினும் போகாமல் தங்கியிருப்பதும் ஒரு தொண்டே என அவர் நமக்குக் கற்பிக்கின்றனர். காய்ச்சல் ஏறிய அன்று மட்டும் வந்து, இறங்கிய அன்று மறந்துபோகும் மருத்துவனால் நோய் தீராது.

அன்பர்களே, இது தொலைநாட்டுச் செய்தி, மாணவராகிய உமக்கு இதனால் என்ன என்று சிலர் வினவலாம். எமக்கு அகவை பத்தொன்பது. தென் கொரியாவில் எம்மொத்த இளைஞர் கல்லூரியை இடையில் விட்டு, ஒன்றரை ஆண்டு படையிற் பணியாற்றுகின்றனர். வடக்கிலோ அப்பணி அதனினும் பன்மடங்கு நீண்டது. இரவில் அவ்வெல்லையின் இருமருங்கும் விழித்திருப்போர் எம் வயதினரே. யாம் தேர்வை எண்ணி விழித்திருக்கும் யாமத்தில், அவர் ஒரே மொழியிற் கனவு காணும் மற்றொருவனை எதிரியென நோக்கி விழித்திருக்கின்றனர். அவர்க்குத் தூக்கம் தருவது அடுத்த தீர்மானமன்று. அச்சம் தணிந்த பின்னும் போகாது நிற்கும் உலகமே ஆகும்.